லாயம்

ஐந்து மாதமாகக் கட்டணம் வராத குதிரை ஒன்று என் லாயத்தில் நிற்கிறது.

ரவாங்கைத் தாண்டி, செம்பனைக் காட்டின் ஓரத்தில் 12 அறைகள். குதிரைகள் எல்லாம் அடுத்தவர்களுடையவை. மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு தங்கவைத்துத் தீனி போட்டுப் பார்த்துக்கொள்வது என் தொழில். கடைசி அறையில் நிற்பவன் முன்னாள் பந்தயக் குதிரை. நாங்கள் கிழவன் என்று கூப்பிடுகிறோம். வயது 11தான். குதிரை 25 வயதுக்கு மேலும் வாழும். ஓட்டக் கணக்கில்தான் அவன் கிழவன். அவனுடைய உரிமையாளர் இப்போது என் போனை எடுப்பதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், வங்கியில் 11 வருடம் நான் பார்த்த வேலையே கடன் வசூல்தான். எத்தனை தவணை தவறினால் என்ன கடிதம் போகும் என்பது மனப்பாடம். எத்தனையோ கார்களை இழுத்துவரக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இழுத்து வந்த கார் கிடங்கில் சும்மா நிற்கும். பசிக்கிறது என்று கதவை உதைக்காது.

இவன் உதைப்பான். ஒரு நாளைக்குச் சுமார் 10 கிலோ காய்ந்த புல் வேண்டும். வெயில் நாளில் 40 லிட்டர் தண்ணீர் போய்விடும். புல் ஆஸ்திரேலியாவில் இருந்து கப்பலில் வருகிறது; ரிங்கிட் சரிந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை லாடம். மழைக்காலத்தில் குளம்பு அழுகாமல் பார்க்கணும். சில குதிரைகளுக்கு நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்ப்பதே நின்றுபோகும். மதியமெல்லாம் விசிறி போட்டுத் தண்ணீர் அடித்துக்கொண்டே இருக்கணும்.

வேலையை விட்ட அன்று அம்மா அழவில்லை. “லயத்துல இருந்து வெளிய வர நமக்கு மூணு தலைமுறை ஆச்சு. நீ படிச்சிட்டு லாயத்துக்குப் போறியா?” என்று மட்டும் கேட்டார். ஒரே ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். எனக்குப் பதில் வரவில்லை. இன்றும் வரவில்லை.

என்னோடு ஒரு பெரியவர் இருக்கிறார். ஜொகூர்க்காரர். பாலம் கடந்து போய் கிராஞ்சியில் சைஸாக வேலை செய்தவர். 1843இல் தொடங்கிய சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு முடிந்தது. கிழவனும் அங்கே ஓடியவன்தான். யாரோ ஆசையாக வாங்கி இங்கே கொண்டுவந்து விட்டார். ஆசை சில மாதம்தான் தாங்கியது.

போன மாதம் ஒரு ராத்திரி 2 மணிக்குப் பெரியவர் கதவைத் தட்டினார். “தம்பி, வயிறு புடிச்சிருச்சு.” கிழவன் தரையில் புரண்டு, திரும்பித் திரும்பி விலாவையே பார்த்தான். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கீழேதான் இறங்கியாகணும். பெரியவர் விலாவில் காதை வைத்தார். “சத்தமே இல்ல.” மருத்துவர் வரும்வரை இருவரும் மாறி மாறி அவனை நடத்தினோம். வந்தவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பாரபின் எண்ணெய் இறக்குவதற்கு முன் கேட்டார்: “பில்லுக்கு யார் பொறுப்பு?”

வங்கியில் கண்டவர்களிடம் எல்லாம் நான் சொன்ன ஒரே புத்தி, யாருக்கும் ஜாமீன் கையெழுத்து மட்டும் போடாதீங்க என்பது. அந்த ராத்திரி கைவிளக்கு வெளிச்சத்தில் போட்டேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை. அவன் முனகல் நிற்கணும், அவ்வளவுதான்.

விடியும்போது பெரியவர் சாணத்தைப் பார்த்துக் கத்தினார்: “போட்டுட்டான் தம்பி!” ஒரு சாணக் குவியலைப் பார்த்து இரண்டு ஆம்பிளைகள் கண் கலங்கி நின்றதை அம்மாவிடம் சொல்லவில்லை.

மருத்துவச் செலவை உரிமையாளர் பெயரிலேயே கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வசூல் கடிதத்தையும் அடித்து வைத்திருக்கிறேன், நல்ல கடிதம்தான். அனுப்பினால் குதிரையை வந்து எடுத்துக்கொண்டு போவார். எங்கே என்று எனக்குத் தெரியாது.

நேற்று சுபாங்கிலிருந்து ஒருவர் போன் செய்தார். மூன்று மாதக் கட்டணம் முன்பணமாகத் தருகிறாராம், அறை இருக்கிறதா என்று கேட்டார். பெரியவர் தீனி வாளியோடு நின்று என்னையே பார்த்தார்.

“நெறஞ்சிருச்சு சார்” என்றேன்.