பெற்றோலா, பற்றரியா?

ரொறன்ரோவுக்கு வடக்கே இருக்கிற சிம்கோ ஏரி குளிர்காலத்தில் உறைந்ததும், ஐஸில் துளை போட்டுத் தூண்டில் விடுவார்கள். துளை போடுற மெசினில் இரண்டு வகை: பெற்றோல், பற்றரி.

சித்தப்பா பெற்றோல் கட்சி. 90களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டின ஆள். "பிளக்கைக் கழட்டித் துடைச்சால் இது ஓடும். பற்றரி செத்தால் என்ன செய்யப்போறாய்?" கேள்வி நியாயம்தான். குளிரில் லித்தியம் பற்றரியின் வலு குறையும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் பண்ணவும் கூடாது. அதனால் பற்றரியை ஜாக்கெட்டுக்குள் வைத்துத்தான் கொண்டுபோறன்.

எண்டாலும் நான் பற்றரிப் பக்கம்தான். நாங்கள் இருந்து மீன்பிடிப்பது மூடின சின்னக் கூடாரத்துக்குள். மீன் கடிக்காவிட்டால் உள்ளேயே இன்னொரு துளை போடவேணும். அதுக்குள் பெற்றோல் எஞ்சின் ஓடினால் காபனோரொட்சைட்டு சேரும். அதுக்கு மணமில்லை, நிறமில்லை, ஆளைக் கொல்லும். சித்தப்பா முட்டு வருத்தக்காரர்; வெறும் புகையே அவருக்கு ஆகாது.

கையால் திருத்தக்கூடிய ஒன்றை மட்டும் நம்பி வாழ்ந்த மனிசனிடம் அந்த நம்பிக்கையைப் பறிக்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே இரண்டையும் கொண்டுபோறம். வெளியில் அவருடைய எஞ்சின், கூடாரத்துக்குள் என்னுடைய பற்றரி. இதில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டன்.