மண்ணில் ஒட்டும் ரோம்

பிளாஸ்டர் அச்சின் பள்ளத்தில் வெள்ளைக் களிமண்ணைப் பெருவிரலால் அழுத்துகிறார் அந்தப் பெண். மிஞ்சியதைத் தட்டைக் கத்தியால் வழித்துத் தள்ளுகிறார். அச்சு ஈரத்தை உறிஞ்சும்வரை பொறுக்கிறார். பிறகு கத்தி முனையில் ஒட்டிக்கொண்டு வெளியே வருகிறாள் ஒரு நடனப் பெண். ஆடையின் மடிப்பு ஒன்றுகூடக் கலையவில்லை. இவளுக்கு மூலம் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ரோமானியப் பளிங்குப் புடைப்புச் சிற்பம், ‘போர்கேசே நடனப் பெண்கள்’.

நீல ஜாடியின்மேல் தூரிகையால் கொஞ்சம் நீர் தடவுகிறார். நடனப் பெண்ணை அங்கே கிடத்தி, நடுவிலிருந்து ஓரம் நோக்கி விரல் நுனியால் ஒற்றிக்கொண்டே போகிறார். அடியில் துளிக் காற்று தங்கினாலும் சூளையில் உருவம் பெயர்ந்துவிடும். பசை எதுவும் கிடையாது. மண்ணை மண்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில், பார்லஸ்டன் என்ற ஊரில் இருக்கிறது இந்த வெட்ஜ்வுட் தொழிற்கூடம். மெருகு பூசாத இந்த ஜாஸ்பர் மண்கலவையை ஜோசையா வெட்ஜ்வுட் 1770களில், ஆயிரக்கணக்கான சோதனைகளுக்குப் பின் கண்டடைந்தார்.

அதே வளாகத்தின் அருங்காட்சியகத்தில் ஒரு கருப்பு ஜாடி நிற்கிறது. சாய்ந்து கிடக்கும் ஒரு பெண், தலைமேல் வளைந்த கை, தாழ்ந்த தீப்பந்தம். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் ரோமானியர் செய்த போர்ட்லாண்ட் ஜாடியின் நகல் இது. மூலம் கண்ணாடி. கருநீலத்தின்மேல் வெள்ளைக் கண்ணாடியைப் போர்த்திச் செதுக்கியது. வெள்ளை மெலிந்த இடத்தில் நீலம் கசிந்து நிழலாகிறது. அதை மண்ணில் எப்படிக் கொண்டுவருவது? 1786இல் போர்ட்லாண்ட் கோமகனிடம் மூலத்தை இரவல் வாங்கிய வெட்ஜ்வுட்டுக்கு மண் கொப்பளித்தது, வெடித்தது, உருவங்கள் உரிந்தன. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் விடாமல் முயன்றார். நிழலைக் கடைசியில் சாயம் தொட்டுத்தான் வரவழைத்தார்கள். 1790இல் லண்டனில் நகலை மக்கள் பார்வைக்கு வைத்தார்.

நகல் என்று படித்ததும் சிலர் அடுத்த பேழைக்கு நகர்கிறார்கள். எனக்கு மனம் பொறுக்கவில்லை. அந்த ரோமானியக் கைவினைஞனுக்குப் பிறகு அவன் உருவங்களை இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தவர்கள் இந்தக் குயவர்கள்தாம்.

1845இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒருவர் மூல ஜாடியை அடித்து நொறுக்கினார். 200க்கும் மேற்பட்ட துண்டுகள். அவற்றை ஒட்ட உட்கார்ந்த ஜான் டபுள்டேவுக்கு, எந்தச் சில்லு எந்த இடத்தில் என்று வழிகாட்டியது வெட்ஜ்வுட்டின் மண் நகல்.