நிரம்பியே திரும்பிய தண்ணீர் பாட்டில்

என் மகளைப் பற்றி எனக்கு ஒரு பெருமை இருந்தது. திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு ஸ்கூல் வேனில் போய் வரும் இரண்டாம் வகுப்புக் குழந்தை அவள். காலை ஏழரைக்குக் கிளம்பினால் மாலை நாலரைக்குத்தான் வீடு. வந்ததும் பையைப் போட்டுவிட்டுப் பாத்ரூமுக்கு ஓடுவாள். "நாள் பூரா ஒரு தரங்கூடப் போக மாட்டா, அவ்வளவு சமர்த்து!" என்று பக்கத்து வீட்டில் சொல்லிப் பூரித்திருக்கிறேன். அவளுடைய தண்ணீர் பாட்டில் கொண்டுபோனபடியே திரும்பி வந்ததைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன வருஷம் மாசி மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சளி இல்லை, இருமல் இல்லை. மாத்திரை கொடுத்ததும் இறங்கிவிட்டது. பத்தே நாளில் மறுபடியும் காய்ச்சல். இந்தத் தடவை, "எரியுதும்மா" என்று அழுதாள்.

"வெயில் ஆரம்பிச்சிருச்சுல்ல, சூடு புடிச்சிருக்கும்த்தா. தொப்புள்ல வெளக்கெண்ணெய வையி, எளநி வாங்கிக் குடு" என்றார் என் மாமியார். இரண்டையும் செய்தேன். அப்படியே இரண்டு நாள் கடத்திவிட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. முதுகில் விலாப் பக்கம் கை வைத்தால் துடித்தாள். குடித்த கஞ்சியெல்லாம் வாந்தி. விடிந்ததும் விடியாததுமாய் மதுரைக்கு ஓடினோம்.

டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வியே எனக்குப் புதுசாக இருந்தது. "பாப்பா ஸ்கூல்ல எத்தனை தடவை ஒண்ணுக்குப் போவா?"

என் பெருமையைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஏம்மா போறதில்லை?" என்று குழந்தையிடமே கேட்டார்.

"அங்க கதவுல தாப்பா இல்ல. அம்மாதான் அடக்கிக்கணும்னு சொல்லியிருக்காங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானா சொன்னேன்? யோசித்துப் பார்த்தேன். ஆம், சொன்னேன். அதற்கு முந்தின சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வைகைக் கரையில் நெருக்கியடித்து நின்றபோது, "அடக்கிக்கோ கண்ணு, வீட்டுக்குப் போயிரலாம்" என்றேன். நானும் அப்படித்தான். வெளியே கிளம்புவதென்றால் முதல் நாளே தண்ணீரைக் குறைத்துக்கொள்வேன். பஸ் பயணமானாலும் சரி, கல்யாண வீடானாலும் சரி. சகோதரிகளே, நம்மில் எத்தனை பேர் அப்படிச் செய்யாதவர்கள்?

டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். "நம்ம ஊர்க் கண்மாய், வாய்க்கால் மாதிரி நெனச்சுக்கோங்கம்மா. ஓடுற தண்ணியில பாசி பிடிக்காது. தேங்குனாத்தான் பிடிக்கும்" என்று ஆரம்பித்தார்.

சிறுநீரகங்கள் இரண்டிலிருந்தும் இரண்டு மெல்லிய குழாய்கள் இறங்குகின்றன. பெரியவர்களுக்கு அவை சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். அவை வெறும் குழாய்கள் அல்ல. அலை அலையாகச் சுருங்கி நீரைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். மூத்திரப் பையின் சுவருக்குள் நேராக நுழையாமல் சாய்வாக நுழையும். பை நிரம்பும்போதும் சுருங்கும்போதும் அந்தச் சுவரே குழாயை அழுத்தி மூடிவிடும், மடைக்குப் பலகை போட்டது போல. நீர் மேலே திரும்பாது. சில குழந்தைகளுக்கு இந்த அமைப்பு பிறவியிலேயே சரியாக அமையாதிருக்கும். அவர்களைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டுமாம்.

பையின் உட்புறத்தில் வழவழப்பான பூச்சு இருக்கிறது. கிருமி எளிதில் ஒட்டாது. மீறி ஒட்டினால், அந்த மேல்தோலே உரிந்து சிறுநீரோடு வெளியேறிவிடும். சிறுநீரகம் ஒரு புரதத்தையும் சுரந்து அனுப்புகிறது. 1950-இல் டாம், ஹார்ஸ்ஃபால் என்ற இரு விஞ்ஞானிகள் அதைச் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்தார்கள். கிருமிகள் பையில் ஒட்டுவதற்குள் அது அவற்றைப் பற்றிக்கொள்ளும்.

"இத்தனை காவல் இருந்தும் ஏன் டாக்டர் வருது?" என்றேன்.

"ஆம்பளைங்களுக்கு வெளிவழி 20 சென்டிமீட்டர். நமக்கு நாலுதான். மலவாயும் பக்கத்துலயே இருக்கு. குடல்ல இருக்கிற ஈ.கோலி ஏறி வர்றது சுலபம். ஏறுனதை அலசித் தள்ள வெள்ளம் வரணும். குடிச்சாத்தானே வெள்ளம், போனாத்தானே அலசல்? ஒன்பது மணி நேரம் தேக்கி வெச்சா கிருமிக்குக் கொண்டாட்டம். நல்ல சூழ்நிலை கிடைச்சா இருபது நிமிஷத்துல ஒண்ணு ரெண்டாயிரும்."

யூரின் கல்சர் எடுத்து, ஊசி போட்டு, பிறகு மருந்து கொடுத்தார்கள். காய்ச்சல் நின்ற பிறகும் சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தவில்லை. ஸ்கேனில் சிறுநீரகங்கள் நன்றாக இருப்பதாகத் தெரிந்தது. "இன்னும் தாமதிச்சிருந்தா தழும்பு விழுந்திருக்கலாம்மா" என்றார் டாக்டரம்மா. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

அவர் சொன்னவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் போகவேண்டும். அவசரப்படாமல் முழுவதும் போய்விட்டு எழவேண்டும். கழுவுவது முன்னிருந்து பின்னாக. மலச்சிக்கல் கூடாது, கெட்டிப்பட்ட மலம் பையை அழுத்தி, நீரை மிச்சம் வைத்துவிடும். கிருமிநாசினி, வாசனை சோப்பெல்லாம் உள்ளே போட்டுக் கழுவினால், அங்கே காவலிருக்கும் நல்ல கிருமிகள்தான் அழியும். கைக்குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் சிறுநீர்ப் பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். கர்ப்பிணிகளுக்கு எரிச்சலே இல்லாவிட்டாலும் பரிசோதனை அவசியம். இளநீர் நல்லதுதான். ஆனால் காய்ச்சலோ, முதுகு வலியோ, வாந்தியோ, சிறுநீரில் ரத்தமோ கண்டால் இளநீரை நம்பி உட்காராதீர்கள்.

குழந்தை தேறியதும் நாங்கள் நான்கைந்து தாய்மார் சேர்ந்து தலைமையாசிரியையைப் பார்த்தோம். ஒரே வாரத்தில் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது. அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்!

இந்தச் சித்திரையிலும் அழகரைப் பார்க்கப் போனோம். நீர்மோர்ப் பந்தலில் ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்தோம். கொஞ்ச நேரத்தில் மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோரிப்பாளையத்திலுள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு நடந்தோம். "இதுக்குப் போயா கூச்சப்படுறது, உள்ள வாங்க!" என்றார் அந்த வீட்டு அக்கா. இதற்கா இத்தனை வருஷம் பயந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

இப்போது தினமும் மாலையில் நான் முதலில் பார்ப்பது அவளுடைய மார்க்கை அல்ல, தண்ணீர் பாட்டிலைத்தான். அது காலியாக வருகிறது.