சுவான்சோவில் ஒரு நாள்

சீனா என்றதும் பெருஞ்சுவரும் பெய்ஜிங் அரண்மனையும்தான் எங்களில் பலருக்கு நினைவு வரும். சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் பார்த்தது வேறோர் ஊர். தென்கிழக்குக் கரையில், பூஜியன் மாகாணத்தில் உள்ள சுவான்சோ என்னும் பழைய துறைமுக நகரம். மார்க்கோ போலோ சைத்தூன் என்று எழுதிய ஊர் இதுதான். 2021ல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமை இடமாக அறிவித்தது.

ஒரு நாளைக்கு வாகனத்துடன் ஒரு வழிகாட்டியை ஒழுங்கு செய்திருந்தோம். ஆங்கிலம் பேசும் இளம்பெண். "நீங்கள் எந்த நாடு?" என்று கேட்டாள். கடவுச்சீட்டு தந்த நாட்டைச் சொல்வதா, பிறந்த நாட்டைச் சொல்வதா என்று நான் தடுமாற, என் கணவர் "நாங்கள் தமிழர்" என்றார். அவள் முகம் மலர்ந்தது. "அப்படியானால் முதலில் உங்கள் ஆட்களின் கற்களைப் பார்ப்போம்" என்றாள்.

அழைத்துச் சென்ற இடம் கையுவான் பௌத்த கோவில். 686ல் தொடங்கப்பட்டது. இரு பக்கமும் 13ம் நூற்றாண்டுக் கற்கோபுரங்கள் உயர்ந்து நிற்கின்றன. பெரிய மண்டபத்தின் பின்புறம் வந்ததும் நாங்கள் திகைத்துப் போனோம். அங்கே இரண்டு கற்றூண்கள். ஒன்றில் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர்! கண்ணனின் லீலைகளும் செதுக்கப்பட்டிருந்தன. "அம்மா, இது கிருஷ்ணர்!" என்று ஒன்பது வயது மகள் கத்தியே விட்டாள்.

13ம் நூற்றாண்டில் தமிழ் வணிகர்கள் இந்நகரில் வாழ்ந்து சிவன் கோவில் எழுப்பியிருக்கிறார்கள். அரபு, பாரசீக வணிகரும் இருந்தனர். 1009ல் கட்டிய பள்ளிவாசலையும் அன்று பார்த்தோம். சிவன் கோவில் பின்னாளில் அழிந்தது. அதன் கற்கள் நகர மதிலுக்கும் பிற கட்டடங்களுக்கும் போயின. அவற்றில் பல இன்று கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன. லிங்கத்தை யானை வழிபடும் சிற்பத்தின் முன் என் கணவர் கைகூப்பி நின்றார்.

1956ல் இங்கே ஒரு தமிழ்க் கல்வெட்டும் கிடைத்தது. 1281ம் ஆண்டுக்குரியது. சீனாவை ஆண்ட மொங்கோலிய மன்னனின் நலம் வேண்டிச் சிவனை எழுந்தருளச் செய்த செய்தியைச் சொல்வது. வாழ வந்த நாட்டு மன்னனுக்காகத் தம் மொழியிலேயே வேண்டியிருக்கிறார்கள்.

வழிகாட்டி அதன் படத்தை நீட்டி, "வாசிப்பீர்களா?" என்றாள். கணவர் எழுத்துக்கூட்டி இரண்டொரு சொற்கள் வாசித்தார். மகளிடம் நீட்டினாள். அவள் பேசாமல் என்னைப் பார்த்தாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நீச்சலுக்காக நிறுத்தியது நான்தான்.

"அந்த ஆட்களின் பிள்ளைகள் இப்ப எங்கே?" என்று மகள் கேட்டாள். "எங்களோடு கலந்திருப்பார்கள். யாருக்குத் தெரியும், நானாகவும் இருக்கலாம்" என்று வழிகாட்டி சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். எனக்கு மட்டும் நெஞ்சு கனத்தது.

அவர்கள் வணிகத்துக்காக விரும்பிப் போனவர்கள். நாங்கள் உயிர் தப்பி வந்தவர்கள். ஆனாலும் பிள்ளைகள் விடயத்தில் இரு பகுதியாருக்கும் கேள்வி ஒன்றுதான். மகள் இப்போது மீண்டும் தமிழ் வகுப்புக்குப் போகிறாள்.

சுவான்சோ போகக் கிடைத்தால், கையுவான் கோவிலின் முன்புறத்தோடு திரும்பிவிடாதீர்கள். பின்புறத் தூண்களைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள்.