காலைப் பார்த்துப் போடும் பாட்டு

ஜிம்மில் நின்ற இடத்தில் ஓட்டுகிற 45 நிமிட சைக்கிள் க்ளாஸில் முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் சீக்கிரம் அமைந்துவிடும். 30ஆவது நிமிடத்துக்குத்தான் தேடித்தேடிக் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்குள் எல்லோரும் இரண்டு மேடு ஏறி முடித்திருப்பார்கள். மூன்றாவது மேட்டுக்கு ரெசிஸ்டன்ஸ் குமிழைத் திருகச் சொல்லும்போது யாரும் யாரையும் பார்ப்பதில்லை. பனியன் முதுகோடு ஒட்டியிருக்கும். கண்கள் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போகாது. நான் மைக்கில் சொல்வது பாதிதான் காதில் ஏறும். அந்த நேரத்தில் அவர்களோடு கூட வருவது பாட்டு ஒன்றுதான்.

கணக்கு என்று பார்த்தால் சிக்கல் இல்லை. மேடு ஏறும்போது பெடல் நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று, சமதளத்தில் 80 முதல் 110. இது ட்ரைனர்கள் எல்லோருக்கும் சொல்லித்தருகிற அளவு. பாட்டில் நிமிடத்துக்கு 130 தட்டு இருக்கிறது, தட்டுக்கு ஒரு கால் இறங்குகிறது என்றால் 65 சுற்று. மேட்டுக்குச் சரி. 170, 180 தட்டு ஓடுகிற பாட்டு சமதளத்துக்கு. போனில் ஒரு செயலி இந்தத் தட்டை எண்ணிக் கொடுத்துவிடும்.

ஆனால் ஒரே 130 தட்டில் இரண்டு பாட்டு போட்டால் ஒன்றுக்குக் கால் எழும்பும், இன்னொன்றுக்கு எழும்பாது. நம்முடைய குத்துப்பாட்டு பெரும்பாலும் சிக்ஸ் எய்ட். ஒவ்வொரு பெரிய அடிக்குள்ளும் மூன்று சின்ன அடி உருளும். பெரிய அடியில் பாதம் கீழே போகிறது. சின்ன அடிகள் அதைப் பின்னால் இழுத்து மேலே கொண்டுவருகின்றன. பெடல் வட்டமாகச் சுற்ற வேண்டும், வெறுமே மிதித்து மிதித்துத் தள்ளக் கூடாது என்று புதிதாக வருகிறவர்களுக்கு எவ்வளவு விளக்கினாலும் வராதது, ஒரு நல்ல தவில் சேர்ந்த பாட்டில் தானாக வந்துவிடுகிறது. மூன்று தட்டுக்கு ஒருமுறை அழுத்தம் விழுகிற மூன்றடித் தாளத்துக்கு வேறொரு குணம் உண்டு. அழுத்தமான அடி ஒருமுறை வலக்காலில் விழுந்தால் அடுத்தமுறை இடக்காலில் விழும். நாலடிப் பாட்டில் அது எப்போதும் ஒரே காலில்தான் விழும், அந்தக் கால் மட்டும் கூடுதலாகத் தள்ளும். அதனால் க்ளாஸுக்கு ஒரு பாட்டாவது மூன்றடியில் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

காலைப் பார்த்துப் பாட்டுப் போட எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் என் சித்தப்பா. ஜிம் என்ற வார்த்தையே அவர் கேட்டிருக்க மாட்டார். உடுமலைப்பேட்டைப் பக்கம் ரேடியோ செட் வைத்திருந்தார். சீர், கோயில் நோம்பி, கட்சிக் கூட்டம் எதுவானாலும் புளியமரத்தில் குழாய் கட்டுவது அவர்தான். வருஷத்தில் ஒருமுறை சந்தைப்பேட்டை மைதானத்துக்கு சைக்கிள் சுற்றுகிறவர் வருவார். நடுவில் ஒரு கம்பம், கம்பத்தில் ட்யூப் லைட்டும் குழாயும், சுற்றிலும் கயிறு. ஏழு நாள் சைக்கிளை விட்டு இறங்க மாட்டார் என்று மைக்கில் சொல்வார்கள். சோறு தின்பது, குளிப்பது, சவரம் செய்வது, சட்டை மாற்றுவது எல்லாம் சைக்கிள் மேலேயே. சனங்கள் ஓடிப்போய் அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்திவிட்டு வருவார்கள். பள்ளிக்கூடம் விட்டால் நான் வீட்டுக்குப் போகாமல் சித்தப்பாவின் ஆம்ப்ளிஃபையர் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.

மாலை வெயில் இறங்கும்போது கூட்டம் சேரும். வித்தை காட்டுவார், ட்யூப் லைட்டை நெஞ்சில் உடைப்பார். அதற்கெல்லாம் அதிரடியான பாட்டு. கூட்டம் கலைந்த பிறகுதான் சித்தப்பாவின் வேலை தொடங்கும். ரெக்கார்டுகளைக் கையில் அடுக்கி வைத்துக்கொண்டு, கம்பத்தைச் சுற்றி வருகிறவரின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் வேகமான பாட்டு ஒன்று எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டார். "அவங்காலப் பாரு கண்ணு. இப்ப இதப் போட்டா வெரட்டற மாதிரி ஆயிரும்" என்றார். பிறகு அவர் போட்டது நிதானமான ஒரு பழைய பாட்டு. இலங்கை வானொலியில் எல்லோரும் கேட்டுக் கேட்டு மனப்பாடமான பாட்டு. சைக்கிள்காரர் தலையை ஆட்டினார், வாயசைத்துக்கூடப் பாடினார். சக்கரம் அதே வேகத்தில் சுற்றியது.

பின்னாளில் க்ளாஸ் எடுக்கத் தொடங்கிய பிறகு, உடற்பயிற்சியும் இசையும் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதில் லெனார்ட் அயர்ஸ் என்கிற அமெரிக்கர் 1911இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்று வந்தது. நியூயார்க்கில் ஆறு நாள் சைக்கிள் பந்தயம். உள்ளரங்கில் மரத்தால் அமைத்த பாதை, ஓரத்தில் பேண்டு வாத்தியம். பேண்டு வாசித்தபோது ஓட்டுநர்களின் வேகம் மணிக்குச் சராசரியாக 31.5 கிலோமீட்டர், வாசிக்காதபோது 28.8. படித்ததும் எனக்குச் சந்தைப்பேட்டைதான் கண்ணில் வந்தது. அந்த ஆறு நாள் பந்தயமும் முதலில் ஒற்றை ஆளாக ஓட்டுகிற பந்தயம்தான். ஓட்டுநர்கள் தூக்கமில்லாமல் புத்தி பேதலிக்கிற நிலைக்குப் போனதால், ஒருவர் நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சட்டம் வந்தது. உடனே இருவர் இருவராகச் சேர்ந்து மாற்றி மாற்றி ஓட்ட ஆரம்பித்தார்கள். ஒலிம்பிக்கில் இன்றும் இருக்கிற மாடிசன் பந்தயம் அதிலிருந்து பிறந்தது, பந்தயம் நடந்த மாடிசன் சதுக்கத் தோட்டம் என்கிற அரங்கின் பெயரால். எங்கள் ஊருக்கு வந்தவருக்கு அப்படிச் சட்டமும் இல்லை, மாற்று ஆளும் இல்லை. சித்தப்பாவின் ரெக்கார்டுகள்தான் இருந்தன.

லண்டன் ப்ரூனல் பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சியும் இசையும் பற்றி நீண்டகாலமாக ஆராய்ந்துவருகிற காஸ்டாஸ் காராஜியார்கிஸ் 2012இல் சக ஆய்வாளர்களோடு செய்த சோதனையும் சைக்கிளில்தான். தாளத்தோடு காலைச் சேர்த்து மிதித்தவர்களுக்கு அதே வேலைக்குச் சுமார் 7 சதவீதம் குறைவான ஆக்ஸிஜன் போதுமானதாக இருந்தது. எனக்கு இதைவிட முக்கியமாகப் பட்டது அவருடைய ஆய்வுகள் சொல்கிற இன்னொன்று. மிதமான உழைப்பில் பாட்டு களைப்பை மறைக்கும். உழைப்பு ஓர் அளவைத் தாண்டிவிட்டால் மூச்சும் தசையும் போடுகிற சத்தம்தான் உள்ளே கேட்கும், பாட்டால் அதை மறைக்க முடியாது. ஆனாலும் அந்த வேதனையைத் தாங்கும்படியாக ஆக்க முடியும். 30ஆவது நிமிடம் என்பது இந்த எல்லைதான். அங்கே சத்தத்தைக் கூட்டியும் வேகத்தைக் கூட்டியும் பயனில்லை. பல ட்ரைனர்கள் இருப்பதிலேயே ஆர்ப்பாட்டமான பாட்டை அந்த இடத்தில்தான் வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. நம் சைக்கிளில் ஃப்ளைவீல் சுமார் 18 கிலோ இருக்கும், காலை நிறுத்தினாலும் அது உடனே நிற்காது. ஓட்டமான பாட்டில் குமிழைத் தளர்த்திவிட்டால் சக்கரம்தான் காலை இழுத்துக்கொண்டு போகும். ஆள் சீட்டில் குதிப்பார், முழங்கால் அடிவாங்கும். வெளியிலிருந்து பார்த்தால் உற்சாகமாகத் தெரியும்.

இந்த சைக்கிளை உருவாக்கியவர் ஜானி கோல்ட்பெர்க். தென்னாப்பிரிக்காவில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸ் போனவர். அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை ஓட்டுகிற பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்க, 80களில் வீட்டிலேயே ஒரு நிற்கும் சைக்கிளைச் செய்துகொண்டார். ராத்திரியில் சாலையில் ஓட்ட வேண்டாமே என்றுதான். பிறகு அதில் மற்றவர்களையும் ஏற்றிப் பாட்டுப் போட்டு ஓட்ட வைத்தார், ஸ்பின்னிங் என்று உலகம் முழுக்கப் பரவியது. நின்ற இடத்தில் நெடுந்தூரம் போவதற்கு ஒரு பாட்டு வேண்டும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

எங்கள் தாத்தாவுக்கும் தெரிந்திருந்தது. மின்சார மோட்டார் வருவதற்கு முன்னால் தோட்டத்துக்கு ஏற்றம் இறைத்தவர். மேலே மரத்தில் ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிப்பார், கீழே ஒருவர் சாலைப் பிடித்து ஊற்றுவார். ஏற்றப்பாட்டில் சாலின் எண்ணிக்கையும் சேர்ந்தே வரும். பாட்டு நின்றால் கணக்கும் நின்றுவிடும். ஏற்றப்பாட்டின் மிச்ச அடியைக் கேட்பதற்காகக் கம்பரே மறுநாள்வரை காத்திருந்தார் என்று ஒரு கதையை அவர் சொல்லிச் சொல்லி மகிழ்வார். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறுகிறவரை நடக்க வேண்டிய கால் அது. ஆரம்பத்திலேயே ஓடினால் தோட்டம் பாதியில் காய்ந்துவிடும்.

அதனால் மூன்றாவது மேட்டுக்கு நான் தேடுவது அறிந்த பாட்டு, அவசரப்படுத்தாத பாட்டு, நடுவில் மூச்சுவிட இடம் தருகிற பாட்டு. நம் பழைய திரைப்பாட்டில் பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி இடையிசை என்கிற அமைப்பு இதற்கென்றே செய்ததுபோல உதவும். சரணத்தில் எழுந்து நின்று மிதிப்பது, இடையிசையில் உட்காருவது. இப்போது வருகிற பாட்டுகள் மூன்று நிமிடத்தில் முடிந்துபோகின்றன. இடையிசை சுருங்கிவிட்டது, உட்கார நேரமில்லை. "தளபதி" படத்தில் இளையராஜாவின் "ராக்கம்மா கையத் தட்டு" பாட்டுக்கு நடுவில் அப்பர் தேவாரம் வருகிறது அல்லவா, கொண்டாட்டமெல்லாம் அடங்கிப் பெண்குரல்கள் மட்டும் எழுகிற இடம்? அங்கே நான் எதுவும் பேசுவதில்லை. குமிழைக்கூடத் தொடச் சொல்வதில்லை. கோவையில் என் காலை ஆறு மணி க்ளாஸில் குனிந்திருக்கிற தலைகள் தாமாக நிமிர்வது அந்த இடத்தில்தான்.

பின்வரிசையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வருகிறார். முழங்கால் வலிக்கு மருத்துவர் சொல்லிச் சேர்ந்தவர். முன்வரிசைப் பையன்கள் எந்தப் பாட்டுக்கும் ஓட்டுவார்கள். அவர் காலைப் பார்த்துத்தான் நான் பாட்டு மாற்றுகிறேன். அவரும் ஒருநாள் கேட்டார்: "ஏம்மா, மல்லாரி போடக் கூடாதா? எங்க ஊர்ல சாமி பொறப்பாட்டுக்கு வாசிப்பாங்க. அத்தனை பாரத்தையும் தோள்ல வச்சிக்கிட்டு அதுக்குத்தானே நடப்பாங்க." ஊர் தஞ்சாவூர்ப் பக்கம்.

அன்றிலிருந்து நாதஸ்வர மல்லாரிகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்று காலத்தில் வாசித்த ஒன்றை வைத்து பெடலை மிதித்துப் பார்த்தேன். தாளம் தொடக்கத்திலிருந்து கடைசிவரை மாறுவதில்லை. இரண்டாம் காலத்தில் ஸ்வரங்கள் இரட்டிக்கின்றன, மூன்றாம் காலத்தில் மறுபடி இரட்டிக்கின்றன, கைத்தாளம் மட்டும் அதே நடையில் போகிறது. கால் பிடிக்க வேண்டியது அந்தத் தாளத்தை. முதல் காலத்தில் 64 சுற்று, மூன்றாம் காலத்திலும் 64 சுற்று. காலம் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் குமிழை அரைத் திருகு கூட்டச் சொல்லப்போகிறேன், பின்வரிசைக்கு மட்டும் கால் திருகு. மூன்றாம் காலம் தொடங்கும்போது தவிலின் வேகத்தைக் கேட்டுப் பையன்கள் காலை ஓட்டப் பார்ப்பார்கள். அதற்கு நாலு ஆவர்த்தனம் முன்பே மைக்கில் தாளத்தைச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.