சம்போவங்காவில் ஒரு காலைப் பசியாறல்



வெளிநாட்டுப் பயணம் என்றதும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வது?" என்பதுதான். பிலிப்பைன்ஸ் செல்லும் முஸ்லிம் குடும்பத்துக்கு இக்கேள்வி மிகவும் பொருந்தும். அந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி முஸ்லிம்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவினரே.

அவர்கள் காலையில் விரும்பி உண்பது, பூண்டு மணக்க வறுத்த சோறும் பொரித்த முட்டையும் ஏதேனும் ஓர் இறைச்சியும். மாட்டிறைச்சியைப் பதப்படுத்திப் பொரித்து வைத்தால் அதற்குத் 'தாப்சிலோக்' என்று பெயர். ஆனால் 'தொசீனோ', 'லோங்கனீசா' என்பவை பெரும்பாலும் பன்றி இறைச்சியால் ஆனவை. எல்லாம் ஒரே அடுப்பில், ஒரே எண்ணெயில் பொரியும் கடையில் நம்மவர் எதை நம்பிக் கை வைப்பது? மணிலாவில் தங்கியிருந்த நாட்களில் எங்கள் காலைப் பசி வாழைப்பழத்தோடும் தேநீரோடும் தீர்ந்தது. பிள்ளைகள் முகம் வாடிற்று. உம்மா வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை.

மணிலாவிலிருந்து தெற்கே, மிந்தனாவோ தீவின் மேற்கு முனையில் இருக்கிறது சம்போவங்கா நகரம். ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் வாழும் துறைமுகப் பட்டணம். 1635ஆம் ஆண்டில் இங்குக் கோட்டை கட்டத் தொடங்கிய ஸ்பானியர் விட்டுச் சென்ற மொழி, உள்ளூர்ச் சொற்களோடு கலந்து, 'சாவகானோ' என்னும் பெயரில் இன்றும் வீதிகளில் ஒலிக்கிறது. நகரத்தாரில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். அவர்களோடு தவ்சூக், சாமா, யாக்கான் முதலிய முஸ்லிம் இனத்தவரும் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். நகருக்கு வெளியே கடலோரத்தில் இருக்கும் தலுக்சங்காய்ப் பள்ளிவாசல் 1885ஆம் ஆண்டு தோன்றியது. நகருக்குள்ளே கனேலார் பகுதியில், கடல் கடந்து வந்த மலேசியத் தின்பண்டங்களும் கைலிகளும் விற்கும் பழைய பண்டமாற்றுச் சந்தை இருக்கிறது.

இந்த நகரத்தின் காலை உணவுதான் 'ஸத்தி'.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்து வந்தோர் வழியாகச் 'சாத்தே' என்னும் பண்டத்தை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். அதன் நெருங்கிய உறவே ஸத்தி. மாட்டிறைச்சியையோ கோழியையோ விரல்நுனி அளவில் நறுக்கி, மெல்லிய குச்சிகளில் கோத்து, கரி நெருப்பில் வாட்டுகிறார்கள். சாத்தேயை மாலையிலும் இரவிலும் உண்பது பலரது வழக்கம். ஸத்தியோ விடியற்காலை உணவு. சாத்தேக்கு நிலக்கடலைக் குழம்பு. ஸத்திக்கு அதற்குப் பதிலாகச் செந்நிறத்தில் கொதிக்கக் கொதிக்க ஊற்றப்படும் ஓர் ஆணம். மாவு கரைத்துத் திக்காக்கப்பட்ட அந்த ஆணத்தில் முதலில் இனிப்பும் பின்னர் மிளகாய்க் காரமும் நாவில் தெரியும். தென்னங்குருத்தோலையில் முடைந்த சிறு கூட்டுக்குள் அரிசியை இட்டு அவித்த 'பூசோ' என்னும் சோற்றுக் கட்டியைத் துண்டு போட்டு, அந்த ஆணத்தில் மிதக்கவிட்டு, கிண்ணத்தோடு தருகிறார்கள். மலாய்க்காரர்களின் 'கெத்துப்பாட்' இதன் உடன்பிறப்பு. 'சாத்தே' என்னும் சொல்லுக்கே நம் தமிழ்ச் 'சதை'தான் மூலம் என்று கருதுவோரும் உண்டு. அது எவ்வாறாயினும், அந்தக் கிண்ணத்தின் மணம் நமக்கு அந்நியமன்று.

சுப்ஹுத் தொழுகைக்குப் பின் நாங்கள் ஒரு பெயர் பெற்ற ஸத்திக் கடைக்குச் சென்றபோது நன்றாக விடியக்கூட இல்லை. அதற்குள் நீண்ட பலகை மேசைகள் நிறைந்துவிட்டன. குடும்பத்துக்கென்று தனி மேசை கிடைக்கும் இடமன்று அது. முன்பின் அறியாதவரோடு தோளோடு தோள் உரசித்தான் அமர வேண்டும். கடையை நடத்தியவர் தலையில் முக்காடிட்ட ஒரு தவ்சூக் பெண்மணி. எங்களுக்கு எதிரே கழுத்தில் சிலுவைச் சங்கிலி அணிந்த முதியவர் ஒருவர் தம் பேரப் பிள்ளைகளோடு அமர்ந்திருந்தார்.

உம்மா வழக்கம்போல் தயங்கினார்கள். "அறுப்பு எப்படின்னு கேளு வாப்பா" என்றார்கள். நான் ஆங்கிலத்தில் கேட்டேன். அந்தப் பெண்மணி முகம் சுளிக்காமல், கறி எந்தச் சந்தையில் யாரிடம் வாங்கப்படுகிறது என்பது வரை எடுத்துச் சொன்னார். பிறகு உம்மாவின் முன்னே கிண்ணத்தை வைத்துத் தம் நெஞ்சில் கை வைத்தார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

எதிரே இருந்த முதியவர் எங்கள் பிள்ளைகளுக்குக் குச்சியை எப்படிப் பிடித்து ஆணத்தில் தோய்க்க வேண்டும் என்று செய்து காட்டினார். ஞாயிறு வழிபாடு முடிந்ததும் குடும்பத்தோடு இங்கு வருவது தம் தந்தை காலத்திலிருந்தே உள்ள பழக்கம் என்றார்.

வாசகர்களே, இந்நகரில் இது சிறிய செய்தியன்று. 2013ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், மோரோ தேசிய விடுதலை முன்னணியின் ஒரு பிரிவினர் இந்நகருக்குள் ஆயுதங்களோடு நுழைந்தனர். படையினருக்கும் அவர்களுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று வாரம் சண்டை நடந்தது. ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடிழந்து விளையாட்டரங்கிலும் கடற்கரையிலும் கிடந்தனர். அவர்களில் முஸ்லிம்களும் இருந்தனர், கிறிஸ்தவர்களும் இருந்தனர். அத்தகைய நாட்களுக்குப் பின் அண்டை வீட்டார் ஒருவரை ஒருவர் ஐயத்தோடு பார்ப்பது எளிது.

அந்நாட்களைப் பற்றிக் கடைக்காரப் பெண்மணியிடம் கேட்டேன். சண்டை ஓயும் வரை கடையை மூடியிருந்ததாகச் சொன்னார். மீண்டும் திறந்த காலையில் யாரேனும் வருவார்களோ, மாட்டார்களோ என்று அஞ்சியே அடுப்பை மூட்டினாராம். வந்தார்கள். பழையவர்களே வந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் கிறிஸ்தவர்கள் என்றார். "அன்று யாரும் அதிகம் பேசவில்லை, எல்லோரும் சாப்பிட்டார்கள்" என்று அவர் சொன்னபோது முதியவர் தலையசைத்தார்.

இறுதியில் 'கஹாவா' வந்தது. அரபு மொழியின் 'கஹ்வா'தான் அங்கு அவ்வாறு வழங்குகிறது. அதனோடு ஒரு தட்டில் பல வகைப் பணியாரங்கள். தேங்காய்ப் பூவும் சர்க்கரையும் உள்ளே வைத்துச் சுருட்டிய 'தாரால்', அரிசி மாவில் பொரித்த 'பன்யாம்', இவற்றுக்கு நடுவே கரிய நிறத்தில் பளபளக்கும் ஓர் இனிப்பு. உம்மா அதை வாயிலிட்டதும் நிமிர்ந்து பார்த்தார்கள். "இது நம்ம தொதல்லவா!" என்றார்கள். ஆம், அங்கும் அதன் பெயர் 'தொதோல்'தான். கீழக்கரை வீடுகளில் கிண்டும் அதே பண்டம். கடல் வாணிபம் செய்த முன்னோர் எந்தெந்தத் துறைகளில் யார் யாரோடு அமர்ந்து உண்டனர் என்பதற்கு அந்தத் துண்டைவிட வேறு சான்று வேண்டுமா?

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள்: அப்பகுதியின் பாதுகாப்பு நிலையை முன்கூட்டியே விசாரித்து, உள்ளூரில் அறிந்தவர் துணையோடு செல்லுங்கள். ஸத்திக் கடைகள் விடியுமுன்னே திறந்துவிடும். தாமதித்தால் கிடைக்காமல் போகலாம். எல்லாக் கடைகளையும் முஸ்லிம்களே நடத்துவதில்லை. ஆகவே ஹலாலா என்று தயங்காமல் கேளுங்கள். அங்கு யாரும் அதைத் தவறாக எண்ணுவதில்லை.

ஹலால் பேணுவோர் பிற சமயத்தாரோடு ஒரே மேசையில் அமர்வது கடினம் என்று நம்மில் சிலர் எண்ணுகிறோம். அதனால் விலகி இருப்பதே பாதுகாப்பு என்றும் கருதுகிறோம். சம்போவங்காவின் தவ்சூக் மக்கள் தம் வரம்பை ஓர் இழையும் தளர்த்தவில்லை. தம் அடுப்பில் சமைத்ததை அண்டை வீட்டாருக்கும் பரிமாறினார்கள். ஊர் முழுதும் அதைத் தன் உணவாக ஏற்றுக்கொண்டது. நம் ஊரில் பெருநாளன்று பக்கத்து வீட்டுக்கு அனுப்பும் தட்டுக்கும் அந்த வலிமை உண்டு. ஆண்டுக்கு ஒரு நாள் என்பதை மட்டும் சற்று மாற்றிப் பாருங்களேன்.