பசி திரும்பிய மாலை

காய்ச்சல் விட்டு 5 நாளாகிறது. குமட்டல் மட்டும் விடவில்லை. தாளிக்கும் வாசனை வந்தாலே வயிற்றைப் புரட்டுகிறது. ஆசையாய்க் கேட்ட இட்லியில் பாதிகூட இறங்கவில்லை.

கிருமியோடு போராட உடல் சுரக்கும் சைட்டோகைன்கள் பசியையும் அடக்கிவிடும் என்றார் மருத்துவர். பசி மெல்லத்தான் திரும்பும். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாய், அடிக்கடி சாப்பிட வேண்டும், நீர்ச்சத்து குறையக் கூடாது.

அம்மா 2 மணி நேரத்துக்கு ஒரு தரம் அரை டம்ளர் நொய்க்கஞ்சியும், தொட்டுக்கொள்ள உப்பு நாரத்தங்காயும் தருகிறாள். இன்று மாலை, "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பசி எவ்வளவு பெரிய வரம்! காய்ச்சலிலிருந்து எழுந்தவர்களைச் "சாப்பிடு, சாப்பிடு" என்று விரட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி கொடுங்கள். தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.